கோவர்த்தனன் போக்கர் பயின்ற வரலாறு

மனித குலத்தின் முன்னேற்றத்தில் மூன்று பெரிய கட்டங்கள் உண்டு. நெருப்பைக் கண்டுபிடித்தது ஒன்று. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இன்னொன்று. மூன்றாவது, பிச்சாட்டூர்ப் பக்கம் புங்கங்கண்டிகையில் கோவர்த்தனன் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டது. முதல் இரண்டையும் பற்றி ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். மூன்றாவதை எழுத நாதியில்லை.

அது எல்லைத் தகராறு தீர்ந்த வருஷம். 'தீர்ந்தது' என்று பேப்பரில் போட்டிருந்தபடியால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. புங்கங்கண்டிகை ஆந்திராவிலேயே தங்கிற்று. அதற்காக ஊரில் யாரும் அழவும் இல்லை, பட்டாசு வெடிக்கவும் இல்லை. அவர்களுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு இருக்குமா, எடுத்துவிடுவார்களா? நாற்பத்தொரு பிள்ளைகள் அதில் படித்தார்கள். கோவர்த்தனனின் ஒரே மகள் சந்திரம்மா நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டாமல் பேப்பர் படிப்பாள்.

இதை நேரில் விசாரித்து முடிவு எழுத ஒரு 'ஸ்பெஷல் ஆபீசர்' வருவதாகத் தகவல் வந்தது. மூன்று நாள் கேம்ப். கூடவே இன்னொரு தகவலும் வந்தது: மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஆபீசருக்குப் போக்கர் சீட்டு ஆடியாக வேண்டும், தோற்றுவிட்டால் அன்றைக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டார். நிர்வாகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஊர் கூடிப் பேசி, ஆபீசரோடு ஆடவும் மனு கொடுக்கவும் கோவர்த்தனனைத் தேர்ந்தெடுத்தது. பெண்ணைப் பெற்றவர், இஸ்திரி போட்ட சட்டை உள்ளவர் என்று தகுதி இரண்டு இருந்தது.

குருவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஆபீசர் மெஸ்ஸில் சமைத்துக்கொண்டே நாலு வருஷம் போக்கரை வேடிக்கை பார்த்தவர் ஞானமணி. ஊர் திரும்பியதும், இனிமேல் சீட்டைக் கையால் தொடமாட்டேன் என்று மிஷன் கோயில் ஐயரிடம் வேதத்தின்மேல் சத்தியம் செய்துகொடுத்திருந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷர். அடுப்பு இடுக்கியால் சீட்டைப் புரட்டித்தான் பாடம் நடத்தினார்.

"ஜெயிக்கிறதுக்கு எவனாலயும் முடியும், கோவர்த்தனா. ஆபீசர்கிட்ட தோக்கத் தெரியணும். அதும் அவரு தெறமையில ஜெயிச்ச மாரி தோக்கணும்."

"அதுக்கு இன்னாண்ணா பண்ணணும்?"

"மொகத்துல ஒண்ணும் தெரியக்கூடாது. உனக்கு இன்னா வேணும்னு எதிராளிக்குத் தெரிஞ்சிதோ, நீ தொலஞ்ச. பசிச்சாலும் பசின்னு சொல்லாத."

கோவர்த்தனன் சொல்லவில்லை. மனைவி தாட்சாயணி தட்டை வைத்துவிட்டு, "இன்னாய்யா, கொழம்புல உப்பு கீதா இல்லியா?" என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். அதற்கும் சுவர்தான்.

நாலாம் நாள் ஞானமணி பரீட்சை வைத்தார். தலைதெறிக்க ஓடிவந்து, "கோவர்த்தனா! உன் கன்னுக்குட்டி கெணத்துல உழுந்துடுச்சுப்பா!" என்று கத்தினார். கோவர்த்தனன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கன்று உண்மையிலேயே விழுந்திருந்தது. ஊர் திரண்டு கயிறு கட்டித் தூக்கிற்று. குருவின் கண்களில் ஆனந்தக் கண்ணீர்.

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர் தங்குவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு விடப்பட்டது. வாத்தியார் மேசைமேல் சீட்டு விரிந்தது. பணம் வைத்து ஆடுவது சர்க்கார் விதிக்கு விரோதம் என்பதால் வேர்க்கடலை வைத்து ஆடினார்கள். முதல் நாள் கைப்பிடி, இரண்டாம் நாள் படி, மூன்றாம் நாள் மூட்டை. அதே மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அது லஞ்சம். ஆடி வென்றால் 'திறமை'.

மூன்றாம் நாள் கடைசி ஆட்டம். கோவர்த்தனன் கையில் நாலு ராஜா. ஆபீசரிடம் வெறும் இரண்டு ஏழு. அதைக்கூட அவர் சரியாக மறைக்கவில்லை. வாசலில் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கோவர்த்தனன் சீட்டைக் கவிழ்த்து வைத்து, "எடுத்துக்குங்க சார். உங்ககிட்ட ஆவுமா?" என்றார். நாலு ராஜாவோடு ஒருவன் தோற்றதைச் சரித்திரம் அன்றுதான் கண்டது.

ஆபீசருக்கு மனசு நிறைந்துபோயிற்று. "ஏமய்யா, மீகு ஏமன்னா காவாலா?" என்றார். பதில் வராததால் தமிழிலும் கேட்டார். "ஊருக்கு எதுனா வேணுமா? சொல்லு, இப்பவே எழுதறேன்."

கோவர்த்தனன் சட்டைப் பையில் மனு. சொல்லிவிடலாமா? ஆனால் என்ன வேண்டும் என்று கேட்பது யார்? எதிராளி! ஜன்னல் வழியே ஞானமணி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் வேணாம் சார்."

"இஸ்கூல் விஷயம்? தமிழ்ப் பிரிவு?"

"அது உங்க இஷ்டம் சார்."

முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. ஆபீசர் அப்படியே எழுதிக்கொண்டார். ஜீப் கடலை மூட்டையோடு கிளம்பிப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கிராம முன்சீப் நாகபூஷணம் தெலுங்கில் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "ஊராரை நேரில் இரண்டு முறை கேட்டோம். கோரிக்கை எதுவும் இல்லை. ஆகவே வரும் ஜூன் முதல் தமிழ்ப் பிரிவு ரத்து."

ஞானமணி கோவர்த்தனனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பலே! நம்ம மனசுல இன்னா கீதுன்னு அவனால கடசி வரிக்கும் கண்டுபுடிக்கவே முடியல பாத்தியா!"

ஜூன் மாதம் சந்திரம்மா மறுபடி ஒன்றாம் வகுப்பில், தெலுங்குப் பிரிவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அவள் தோளுக்குக்கூட வரவில்லை. அன்று சாயங்காலம் வந்து பலகையை மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கோவர்த்தனன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயணி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எங்கிருந்தோ வந்த ஆபீசரு. கடலை துன்ன வந்தவன். அவனே ரெண்டு தபா கேட்டான்யா. நீ அவளுக்கு நைனா. ஒரு தபா வாயத் தொறந்து வேணும்னு சொன்னியா?"