பைப்புக்குப் பூப்போட்ட பட்டின சபை

ஊசிக்கலை பசாரில் அந்த வருஷம் மழை பிந்தினாலும் அருளுக்குக் குறைவில்லை. அது கொட்டோ கொட்டென்று கொட்டியது. கொட்டியவர் பூச்சாமி. பட்டிப்பொல குளிரிலிருந்து ரயிலேறி, தலவாக்கலையில் இறங்கி, பஸ் பிடித்து, பல் தந்தியடிக்க ஜனங்கள் வந்து நின்றார்கள். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆடி அசைந்து போகிறவன்கூட, பூச்சாமி வாசலில் விடியுமுன்னே இடம் பிடித்தான்.

பூச்சாமியின் சொந்தப் பெயர் வீரபத்திரன். கொல்லிமலையில் அன்ன ஆகாரமில்லாமல் தவமிருந்தவர் என்று பேச்சு. தவமிருந்த உடம்பு நல்ல சதைப்பிடிப்பாக இருந்தது. காற்றைக் குடித்தே அப்படி ஆனார் என்றும் ஒரு பேச்சு. பேச்சுக்கு என்ன, அதற்கு யார் வரி போட்டார்கள்?

அவருடைய வித்தை இதுதான். கேட்க வந்தவர் தன் கேள்வியைச் சொல்ல வேண்டும். பூச்சாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போவார். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ என்று வைத்து மடித்து, நூல் சுற்றிக் கொண்டுவந்து தட்டில் குலுக்கி வைப்பார். கேட்டவர் தன் கையாலேயே ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் 'ஆம்'. சிவப்பு வந்தால் 'இல்லை'. எடுக்காத பொட்டலம் நேரே நெருப்புச் சட்டிக்குள் போய்விடும். சாமி ஒதுக்கிய பூவை மனிதர் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்பது பூச்சாமியின் சட்டம். அதற்குப் பயந்து ஊரே கண்ணை மூடிக்கொண்டது.

பதில் கெட்டதாக இருந்தால் பரிகாரம் உண்டு. ஒரு சேவல், ஒரு பட்டுத்துணி. பட்டுத்துணியை வைரவன் முதலாளி கடையில்தான் வாங்க வேண்டும். மற்றக் கடைத் துணி சாமிக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் அரிக்குமாம்.

வைரவன் முதலாளி வெறும் துணிக்கடை முதலாளி அல்ல. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு. போதாததற்குப் பட்டின சபைக்குச் சேர்மனும் அவர்தான். பூச்சாமி வந்து சேர்ந்த பிறகு பட்டின சபையில் விவாதம் என்ற தொல்லையே இல்லாமல் போயிற்று. தெருவிளக்கை எங்கே நடுவது? பூப்போடு. தெருவில் திரியும் கட்டாக்காலி நாயைப் பிடிப்பதா, விடுவதா? பூப்போடு. மெம்பர்மாருக்குக் கை தூக்கும் வேலை மிச்சம். மூளைக்கு அதற்கு முன்பே லீவு கொடுத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஊசிக்கலைக்கு ஒரு பொதுத் தண்ணீர்ப் பைப்பு வருகிறது என்று செய்தி வந்தது. ஒன்றே ஒன்று. பின்லயத்து முனையில் வைக்கலாமா என்று பொதுமக்களிடம் கேட்டு முடிவு செய்யும்படி மேலிடத்து உத்தரவு.

செய்தி கேட்டதும் பின்லயத்துச் சண்முகவடிவு அடுப்பிலிருந்த வடையைக் கருகவிட்டாள். அவள் வாழ்நாளில் வடையைக் கருகவிட்டவள் அல்ல. பசாருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், சரிவில் இறங்கிப் பீலிக்குப் போக வேண்டும். மலையிலிருந்து மூங்கிலில் விழும் அந்தத் தண்ணீருக்குப் போகும் பாதை, மழை வந்தால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். போன மழையில் வடிவு குடத்தோடு உருண்டு, இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கை கோணலாகவே கூடிவிட்டது. இப்போது அவளுக்கும் சேர்த்துப் பக்கத்துக் காம்பறாவில் குடியிருக்கும் பேச்சியம்மாதான் தண்ணீர் தூக்குகிறாள். பேச்சியம்மாவுக்கு ஏழாவது மாசம். இன்னும் சில வாரத்தில் மழை பிடித்துவிடும். வயிற்றுப் பிள்ளையோடு அந்தச் சரிவில் அவள் இறங்குவதை நினைத்ததில்தான் வடிவின் வடை கருகியது.

"பைப்ப எங்க வைக்கிறதுன்னு சாமி சொல்லும் புள்ள. நம்ம கையில என்னா இருக்கு?" என்றான் அவள் புருஷன் செல்லசாமி. பட்டின சபையில் ரோட்டுக் கூட்டுபவன், பூச்சாமி பக்தன்.

"ஏன், அபிப்பிராயம் சொல்லலாம்னு தமுக்கு அடிச்சாங்களே!"

"வோட்டே இல்லாத நமக்கு அபிப்பிராயம் ஒரு கேடா?"

இந்தியாவிலிருந்து வந்த பரம்பரைக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று வோட்டைப் பிடுங்கினார்கள். வாயைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். வடிவுக்கு இருந்ததோ பஸ் இரைச்சலையும் மீறி வடை விற்கும் வாய்.

வடிவும் ஒரு காலத்தில் பூச்சாமியிடம் போனவள்தான். 'என் கை நேராகுமா?' என்று கேட்டாள். சிவப்பு. சேவலும் துணியும் கொடுத்தாள். கை கோணலாகவே இருந்தது, சேவல் போனதுதான் கண்ட பலன். பைப்புச் செய்தி வந்த மறுநாள், பேச்சியம்மாவுக்குத் துணையாகப் பீலிக்குப் போனவள், அங்கே பெண்கள் ஒவ்வொருத்தியையும் கேட்டுப் பார்த்தாள். மகளுக்கு வரன் அமையுமா? சிவப்பு. மாடு பிழைக்குமா? சிவப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் சிவப்பு.

"எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளை வந்துச்சேக்கா," என்றாள் பேச்சியம்மா பெருமையாக.

"என்னா கேட்டாரு?"

"யாராச்சும் செய்வினை வச்சிருக்காங்களானு."

வடிவு குடத்தைத் தட்டிச் சிரித்தாள். "நல்லது நடக்குமான்னா இல்லைங்குது. கெட்டது இருக்கான்னா ஆமாங்குது. எப்பிடிக் கேட்டாலும் சேவல் போகுது! சாமிக்கு நம்ம சேவல் மேல அம்புட்டுப் பாசமாடி?"

"அப்பிடிச் சொல்லாதீங்கக்கா, நாக்கு அழுகிரும்."

"அழுகட்டும். ஒண்ணு சொல்லு. கேள்வியக் கேட்டுக்கிட்டுத்தானே திரைக்குப் பின்னாடி போயி பூவ மடிக்கிறாரு? ரெண்டுலயும் ஒரே பூவ வச்சா யாருக்குத் தெரியும்? பூவ மடிச்ச பெறகு கேள்வியக் கேட்டா என்னா ஆகும்?"

பேச்சியம்மா நிரம்பிய குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கிட்ட வந்து காதைக் கொடுத்தாள்.

அபிப்பிராயம் கேட்கும் நாள் வந்தது. சபை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேலிடத்திலிருந்து ரத்நாயக்க என்ற இன்ஸ்பெக்டர் வந்து, மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், தமிழ் அரைகுறையாகப் பேசுவார், முழுதாகப் புரிந்துகொள்வார்.

பொது அபிப்பிராயம் என்றால் என்னவென்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவர் எழுந்து, தன் மருமகன் சீர்வரிசை கேட்டுத் தொல்லை கொடுப்பதை அரைமணி நேரம் சபைக்கு விளக்கினார். இன்னொருவர் பைப்பே வேண்டாம், ஒரு சினிமாக் கொட்டகை போதும் என்றார். வேறொருவர் எழுந்து, "நானும் அதேதாங்க," என்று சொல்லி உட்கார்ந்தார். எதேதான் என்று கடைசிவரை தெரியவில்லை.

இதற்காகவே காத்திருந்த சேர்மன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மாத்தயா? மனுசன் பேச்சுக்கு முடிவேது? சாமி அபிப்பிராயத்தையே கேட்டுருவோம். பின்லயத்துக்குப் பைப்பு வைக்கலாமா? சாமி வேணாம்னா, எடம் இல்லாமப் போயிருமா? நம்ம சாப்பாட்டுக் கடை வாசல் சும்மாதானே கெடக்கு!"

"மொகத மே? என்னா இது?" என்று இன்ஸ்பெக்டர் விழித்தார். "சாமியும் பொதுமக்களா?"

பின்வரிசையிலிருந்து வடிவின் குரல் கிளம்பியது. "அதானுங்களே! சாமிக்குப் பிரஜாவுரிமை இருக்கா? அதுவும் எங்களாட்டம் கப்பல்ல வந்ததுதானே?"

மண்டபம் சிரித்தது. சேர்மன் சிரிக்கவில்லை. "சாமி உலகத்துக்கே சொந்தம்!" என்று அதட்டினார்.

"நாங்களும் எங்கயாச்சும் ஒரு எடத்துக்குச் சொந்தமாத்தாங்க இருக்கணும்," என்றாள் வடிவு. இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குள் உடுக்கை ஒலிக்க, நெருப்புச் சட்டி முன்னால் வர, பூச்சாமி எழுந்தருளினார். கேள்வி ஏற்கெனவே தமுக்கடித்த கேள்வி. புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. பொட்டலங்களை மடித்தே கொண்டுவந்திருந்தார். தட்டில் குலுக்கி வைத்தார். "பின்லயத்துல இருந்து ஒருத்தர் வந்து எடுங்க," என்று சேர்மன் கூப்பிட்டார்.

வடிவு முன்னால் வந்தாள். எடுக்கவில்லை. கும்பிட்டாள், அதுவும் சேர்மனை.

"அய்யா இருக்கறப்ப எங்க லயத்துப் பேர மொதல்ல எடுக்கறது மொறையாங்க? கோயில்லயே மொத மாலை ஒங்களுக்குத்தானே! மொதல்ல அய்யா கடை வாசலுக்குப் பைப்பு வைக்கலாமானு சாமியக் கேளுங்க. அய்யா கையாலயே எடுங்க. அப்புறமா எங்களக் கேக்கட்டும்."

"ஆமாங்க, ஆமாங்க! சேர்மனுக்குத்தான் மொத மரியாதை!" என்று கூட்டம் கத்தியது.

போன வருஷம் முதல் மாலை கொஞ்சம் தாமதித்ததற்காகத் தேரையே நடுரோட்டில் நிறுத்திவைத்தவர் வைரவன் முதலாளி. மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு முன்னால் போயிற்று, உடம்பு அதன் பின்னாலேயே போயிற்று. தட்டருகே போய்க் கையை நீட்டிய பிறகுதான் புத்தி வந்து சேர்ந்தது. பூச்சாமியின் மூடிய கண்ணில் ஒன்று படக்கென்று திறந்தது.

"கேள்வி மாறிருச்சு. பூவ மாத்தி மடிக்கணும்," என்று தட்டை இழுத்தார் பூச்சாமி.

"சாமி மனசு மாறாதப்ப பூ எதுக்குங்க மாறணும்?" என்றாள் வடிவு.

"ஹரி, ஹரி. சரிதான், வச்சது வச்சதுதான். சேர்மன், எடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"சாமி வேணாம்னுருச்சு!" என்று மண்டபம் அதிர்ந்தது. பூச்சாமி மற்றப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நெருப்புச் சட்டிப் பக்கம் பாய்ந்தார். சட்டிக்கு முன்னால் பேச்சியம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பிள்ளைத்தாய்ச்சியை இடித்துத் தள்ள எந்தச் சாமிக்குத் தைரியம் வரும்? பூச்சாமி நின்றுவிட்டார்.

வடிவு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ பாவமே! இம்புட்டுக்கிட்ட வெள்ளைப் பூவு இருந்தும் அய்யா கைக்குச் செவப்புதானே அம்புட்டுச்சு! அந்தக் கையி என்னா பாவம் பண்ணுச்சோ?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. சேர்மனுக்கு முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. கையைச் சபை முழுக்கத் தெரியும்படி தூக்கினார்.

"யாரு கையில பாவம்? என் கையிலயா? வெள்ளைப் பூவு எங்கடி இருக்கு? ரெண்டுலயும் செவப்புதானே!"

உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த கூட்டம் சேர்மன் பக்கம் திரும்பியது.

"சேர்மன்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக, "தொறக்காம எப்படித் தெரியும்?"

சேர்மனின் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. வடிவு பூச்சாமியின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வெற்றிலையை விரித்துக் காட்டினாள். சிவப்பு. யாருக்கும் கண் அவியவில்லை. சொல்லப்போனால் ஊசிக்கலையில் அன்றைக்குத்தான் பலருக்குக் கண் தெரிந்தது.

"நா என்னாங்க செய்ய? மொதலாளிதான் ரெண்டுலயும் செவப்பா வச்சிரச் சொன்னாரு!" என்று கூவினார் பூச்சாமி. கொல்லிமலைத் தவமெல்லாம் அந்த ஒரு வரியில் இறங்கிப் போயிற்று.

"அப்ப என் சேவலு?" என்று ஒருத்தி கேட்டாள். "என் பட்டுத்துணிக் காசு?" என்று இன்னொருத்தி. பிறகு யார் என்ன கேட்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூச்சாமி சன்னல் வழியாகக் குதித்தபோது, "உடப்புசல்லாவை பஸ் கெளம்பப் போகுது சாமி, பூப்போட்டுப் பாக்காம ஏறிக்கிங்க!" என்று பேச்சியம்மா வழி சொல்லி அனுப்பினாள்.

"இனி மனுசர் அபிப்பிராயம் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

வடிவு தன் கோணல் கையை நீட்டினாள். பேச்சியம்மாவின் வயிற்றைக் காட்டினாள். சரிவைப் பற்றிச் சொன்னாள். பின்லயத்துக்கு வேண்டும் என்பவர் கை தூக்கலாம் என்றதும் மண்டபமே கை தூக்கியது. மெம்பர்மாரும் தூக்கினார்கள். நாள்பட்ட பழக்கமின்மையால் ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

மழை பிடிப்பதற்கு முன்பே பின்லயத்து முனையில் பைப்பு நின்றது. முதல் குடம் பிடிக்கப் பேச்சியம்மாவை அழைத்துக்கொண்டு வடிவு போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பைப்புக்கு மஞ்சள் பூசியிருந்தது. குங்குமம் வைத்திருந்தது. வேப்பிலை கட்டியிருந்தது. செல்லசாமி கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தான். பின்னால் நாலு பேர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள்.

"என்னாங்க இது?"

"பைப்புமுனி புள்ள! எம்புட்டு சக்தி பாத்தியா? பூச்சாமியையே வெரட்டிருச்சே!"

வடிவு குடத்தைப் பைப்புக்கு அடியில் வைத்தாள். "சரி. முனிய நல்லாக் கும்பிட்டுத் தண்ணி கேளுங்க."

கும்பிட்டார்கள். செல்லசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான். குடம் காலியாகவே இருந்தது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

வடிவு பேச்சியம்மாவின் கையைப் பிடித்துப் பைப்பின் தலையில் வைத்தாள். பேச்சியம்மா திருகினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து கற்பூரத்தை அணைத்து, குங்குமத்தைக் கழுவி, பக்தர்கள் நாலு பேரையும் நனைத்தது.

"பாத்துக்கிங்க," என்றாள் வடிவு, நனைந்து நின்ற புருஷனின் நெற்றியில் ஒரு விரலால் தட்டி. "கும்பிட்டா வராது. திருகினாத்தான் வரும். மண்டையும் அப்பிடித்தான்!"