மாளாவில் பதினாலு மானிட்டர்

இந்த முறை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று ராஜபாண்டி முடிவு செய்தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இப்படி எத்தனையோ முடிவு. ஒன்றுகூட மறுநாளைப் பார்த்ததில்லை. ஆனால் இப்போது விட்டுக்கொடுத்தால் போகப்போவது மாளா.

தாராவியில் அவர்கள் வீடு என்பது ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் அதன் தலைமேல், நிமிர்ந்து நிற்க முடியாத இன்னோர் அறை. அதுதான் மாளா. அங்கே பதினாலு பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்கள் குடியிருந்தன. ராஜபாண்டிக்கு ஷகீல் கடையில் மானிட்டர் பழுது பார்க்கும் வேலை. தேறாது என்று கடை ஒதுக்கியதையெல்லாம், 'ஒருநாள் தேறும்' என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவான். பதினொரு வருஷமாக ஒன்றும் தேறவில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால், அவற்றின் நடுவே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பான். எதிரே பதினாலு இருண்ட திரை. ஒன்றும் அவனைக் கேள்வி கேட்காது. இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசில்லை.

கீழே மனைவி இசக்கிசெல்வி இட்லி அவிப்பாள். தினம் நானூறு. கூடையில் வைத்துத் தெருவில் விற்பவர்கள் வாசலில் நின்று வாங்கிப் போவார்கள். இப்போது மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தும் கேட்கிறார்கள். இன்னொரு கிரைண்டர் வேண்டும். கீழே வைக்க இடமில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மேல காலி பண்ணிருங்க. இல்லன்னா ஆள் வச்சு எறக்கிருவேன்" என்று சொல்லிவிட்டாள்.

எதிர்த்து நிற்க ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. அது கடைச்சுவரிலேயே இருந்தது. தேறிய மானிட்டர்களை வாங்கும் கம்பெனி, எந்தெந்த நச்சுப்பொருள் ஒரு திரையில் எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற தரவிதிகளை அங்கே ஒட்டியிருந்தது. ராஜபாண்டி மூன்று வருஷமாக அதன்மேல்தான் சட்டையை மாட்டி வந்தான். அன்றுதான் சட்டையை விலக்கி வாசித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் தொண்டையைச் செருமினான்.

"இசக்கி, மேல உள்ளதுல எவனும் கை வச்சிரக் கூடாது. அம்புட்டும் விஷம்."

"என்ன விஷம்?"

"குண்டு மானிட்டர் ஆறு இருக்குல்லா? அந்தக் கண்ணாடி பூரா ஈயம். ஒவ்வொண்ணுலயும் கிலோக் கணக்குல."

"சரி."

"தட்டையா எட்டு இருக்கு. உள்ள குச்சி மாதிரி டியூப் லைட்டு. அதுல பாதரசம். உடஞ்சா ஆவியாப் போவும். கண்ணுக்கே தெரியாது."

"பிளாஸ்டிக்கு பரவால்லியா?"

கேள்வி வந்ததும் அவனுக்கு உற்சாகம் பிடித்தது.

"அதுதான் மோசம். தீப்பிடிக்காம இருக்க ஒரு மருந்து கலப்பாவ. தூசியோட தூசியா உதிரும். மூச்சுல போவும், சோத்துல விழும். படிச்சுப் பழகாத ஆளு பக்கத்துலயே போவக் கூடாதுன்னு ரூல்."

"நீங்க எங்க படிச்சிய?"

"எனக்கு அனுபவம் இருக்குல்லா."

இசக்கிசெல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இம்புட்டு விஷயம் எனக்கு ஞாபகத்துல நிக்காது. ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருங்க."

இட்லிக்கு உணவு லைசென்ஸ் வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவள் அவள். ஒரு தாளுக்கு என்ன பலம் என்று அந்த வீட்டில் யாருக்காவது தெரியும் என்றால் அவளுக்குத்தான் தெரியும். ராஜபாண்டி அதை யோசிக்கவில்லை. முத்து முத்தாக எழுதினான். கையெழுத்துப் போடச் சொன்னாள். தேதியும் சேர்த்தே போட்டான்.

ஞாயிறு காலையில் கிரைண்டர் பேச்சே இல்லை. "கல்யாண்ல எங்க சித்தி வீட்டுல இந்த ஊறுகாயைக் குடுத்துட்டு வாங்க" என்றாள். சண்டையில் ஜெயித்தவன் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி? ரயிலில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது மாளா காலி. கழுவித் துடைத்த தரையில் ஈரம்கூடக் காயவில்லை. நடுவில் புதுக் கிரைண்டர்.

கீழே ஷகீல் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணே. மதினி தாளைக் கொண்டாந்து காட்டுனாவ. ஒங்க கையெழுத்து. அப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்க? பழசை முறையா அழிக்கிற கம்பெனி ஒண்ணு அம்பர்நாத்ல இருக்குல்லா, வண்டி வரச் சொல்லிட்டேன். மாஸ்க்கு, கிளவுஸு எல்லாம் போட்டு எறக்குனானுவ. ஒரு கீறல் இல்ல."

"எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?"

"மதினி வேண்டாம்னுட்டாவ."

ஷகீல் போனதும் ராஜபாண்டி உண்மையைச் சொல்லிவிட்டான். "இசக்கி, நான் ஒன்னப் பயமுறுத்தத்தான் அதெல்லாம் சொன்னேன்."

"பயந்துட்டேன்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கு நடுவுல பதினொரு வருஷமா உக்காந்திருக்கீய. நான் ஒங்க இருமலுக்குக் கஷாயம் வச்சுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். செவ்வாக்கிழமை செம்பூர்ல ரத்த டெஸ்ட்டு. ஈயம் பாக்கணுமாம். ஷகீலும் வாரேன்னுட்டாவ."

ராஜபாண்டி தன் கையைத் திருப்பிப் பார்த்தான். இருபது வருஷமாக மானிட்டர்களைக் கழற்றி மாட்டிய கை. கடைச்சுவரில் இருந்த தாளை யாரும் அவனுக்கு வாசித்துக் காட்டியதில்லை. அவனே வாசித்ததும் வேறு காரியத்துக்கு. முதல் தடவையாக அவனுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

"சரி, போவோம்" என்றான். பிறகு, தயங்கித் தயங்கி, "சாயங்காலம் மேல போய் உக்காருவேனே, அது?"

"தாராளமா உக்காருங்க. யாரு வேண்டாம்னா?"

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. ஏணியில் கால் வைத்தான். நாலு படி ஏறியதும் கீழிருந்து ஒரு வாளி அவன் கையில் ஏறியது. நிறைய ஊறிய உளுந்து.

"அவசரப்பட்டு எறங்கிராதீய" என்றாள் இசக்கிசெல்வி. "பொங்கி வர முக்கா மணி நேரம் ஆவும். அது முடிஞ்சதும் அரிசி தாரேன்."