உலகத்திலேயே ஒரே ஒரு ஒற்றைக்கண் ராஜா

பழங்காசுகளுக்கு நாடி பார்க்கிற மனிதர் ஒருவர் எங்கள் கடைத்தெருவுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே வேலையைப் போட்டுவிட்டு அங்கே ஓடியது. பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிற ஹாலை அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். காலை ஏழு மணிக்கே மாடிப்படி நிறைந்து, டோக்கனும் கையுமாக வரிசை நடைபாதைவரை நீண்டுவிடும். தங்களுக்கு நெஞ்சு வலித்தால்கூட இரண்டு நாள் பார்க்கலாம் என்கிற ஜனங்கள், வீட்டுப் பழங்காசுக்கு உடம்பு சரியில்லையோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. நிஜமாகவே ஸ்டெதாஸ்கோப் வைத்துத்தான் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, கையில் பூதக்கண்ணாடி, எதிரே கறுப்புத் துணி விரித்த மேஜை. நீங்கள் கொண்டுபோன காசை அதன்மேல் வைத்தால், குழாயை அதில் பதித்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"செத்துப்போச்சும்மா. டப்பாவுல போட்டு மூடி வெச்சிருந்தீங்களா? மூச்சு முட்டியிருக்கு."

ஒரு அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். முப்பது வருஷம் கூடவே இருந்த காசாம். சுற்றி நின்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

அழுகை ஓய்ந்ததும் நாடிக்காரர் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். "பேங்க்கை நாளைக்கே மூடிடலாம். வீடு இடிஞ்சு விழலாம். நோட்டு ஒரே ராத்திரியில செல்லாமப் போயிடலாம். உயிருள்ள பழங்காசு மட்டும்தான் நீங்க தூங்கும்போதும் வளர்ந்துகிட்டே இருக்கும்."

தூங்கும்போது வளர்கிற காசை வைத்துக்கொண்டு இவர் ஏன் தூங்காமல் ஊர் ஊராக அலைகிறார் என்று கேட்க அந்த ஹாலில் ஒரு வாய் திறக்கவில்லை.

நிஜமான வியாபாரம் ஹாலில் நடக்காது. பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. கொஞ்சம் வசதியான முகமாகப் பார்த்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். இடது கையால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுப்பார். "உங்க நாடியும் இதோட நாடியும் சேந்தே அடிக்குது. இது உங்களுக்குன்னே காத்திருந்த காசு. முந்நூறு வருஷப் பழசு. உலகத்துலயே இது ஒண்ணே ஒண்ணுதான்" என்பார். அதுதான் ஒற்றைக்கண் ராஜா, காசில் பக்கவாட்டாகத் திரும்பிய ஒரு ராஜா முகம், அதில் ஒரே கண். பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் ஒரு கண்தான் தெரியும் என்பது உள்ளே போனவர் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கையில் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். கழுவக் கூடாது. மூன்று வருஷத்துக்கு விற்கக் கூடாது. முக்கியமாக, கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் காட்டக் கூடாது. இன்னொருவர் கண் பட்டால் காசு மயக்கம் போட்டுவிடும். மூடிய அறைக்குள் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

நான் அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை லாண்டரி. அதை நடத்துகிறவர் எல்லோருக்கும் லாண்டரி அக்கா. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு எட்டு வருஷம் கையாலேயே துவைத்துத்தான் இரண்டு மெஷின் வாங்கினார். அவர் விரல் நகங்களை நீங்கள் பார்க்க வேண்டும், சோடாவும் பிளீச்சும் தின்று பாதிதான் மிச்சம். மெஷின் வந்த அன்று அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அந்த அக்காவிடமும் ஒரு ராஜா வந்து சேர்ந்திருந்தார். அத்தோடு விட்டாரா நாடிக்காரர்? "ராஜா தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்மா. இதோட ராணி இப்பத்தான் கிடைச்சிருக்கு. ஜோடியா இருந்தா மூணு வருஷம் காக்க வேண்டாம், ஆறே மாசத்துல வெளிநாட்டுக்காரன் பத்து மடங்கு குடுத்து வாங்கிப்பான். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ராணி என் கையில இருக்க மாட்டா."

ராணிக்குக் கொடுக்க அக்காவிடம் பணம் ஏது? இரண்டு மெஷினையும் விலை பேசிவிட்டார். ஞாயிறு மதியம் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மாலை அவருடைய தங்கை வந்தாள். பல் ஆஸ்பத்திரிக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். பல் அச்சு எடுக்கிற மாவு படிந்த கோட்டைத் துவைக்கப் போட வந்தவளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

"ரெண்டு மெஷினையும் குடுத்துட்டு மறுபடி கையால துவைக்கப் போறியா?"

"ஆறே மாசம்டி. ஜோடி வித்துட்டா பத்து மெஷின் வாங்குவேன்."

"எங்க, அந்த ராஜாவைக் காட்டு."

"காட்டக் கூடாதுடி. இன்னொருத்தர் கண்ணு பட்டா மயங்கிடும்."

"நான் உனக்கு இன்னொருத்தியாக்கா?"

 இஸ்திரி மேஜை டிராயர் திறக்கிற ஓசை கேட்டது. தங்கை வேலைக்கு வைத்திருக்கிற லென்ஸால் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, இது அச்சுல ஊத்தி வார்த்தது. காது மேல பரு மாதிரி இருக்கு பாரு. மாவுல அச்சு எடுக்கும்போது காத்துக் குமிழி நின்னுட்டா எங்களுக்கும் இப்படித்தான் வரும். அந்த அச்சுல எத்தனை வார்த்தாலும் அதே இடத்துல பரு நிக்கும்."

"அது ராஜாவோட மச்சமாம்."

"சரி, கழுத்துக்குக் குறுக்கே இந்தக் கீறல்?"

"முந்நூறு வருஷத்துல யாராவது கீழ போட்டிருப்பாங்க. இது ஒண்ணுதாண்டி இருக்கு உலகத்துல."

"நான் சொன்னா நீ கேக்க மாட்டே. நாளைக்கு அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அப்புறமும் நீ மெஷினை வித்தா நான் வாயே திறக்கலை."

மறுநாள் ஹாலில் நிற்க இடமில்லை. லாண்டரி அக்காவின் முறை வந்ததும் நாடிக்காரர் பின்னறையைக் காட்டினார். தங்கை அசையவில்லை. ராஜாவை எடுத்து எல்லோருக்கும் தெரிகிறமாதிரி கறுப்புத் துணிமேல் வைத்தாள்.

"ஐயா, இந்த மாதிரிக் காசு உலகத்துலயே இது ஒண்ணுதான்னு எங்க அக்காகிட்ட சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். இல்லை என்றால் ராணி விற்காது. "ஆமாம்மா. சொன்னேன். இது ஒண்ணுதான்."

"நல்லாப் பாத்து, சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் சத்தமாக.

மூன்றாவது வரிசையில் பஸ் டிரைவர் எழுந்து நின்றார். "அப்ப என்கிட்ட இருக்கிறது என்னது?"

ஹாலில் சலசலப்பு. மருந்துக் கடைக்காரர் இடுப்புப் பையைத் திறந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து எடுத்தார். தையல்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு காசை எடுத்துவிட்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். இதையெல்லாம் பகுத்தறிவு செய்தது என்று நினைத்து ஏமாறாதீர்கள். நம்முடையதைத்தான் ஒன்றே ஒன்று என்றார், இன்னொருத்தியுடையதை எப்படிச் சொல்லலாம் என்கிற வயிற்றெரிச்சல்தான் அத்தனை பைகளையும் திறந்தது.

மேஜைமேல் முப்பது ராஜாக்கள் வரிசையாகப் படுத்தார்கள். முப்பத்தொன்றாவதை நான் வைத்தேன். ஆமாம், நானும்தான். இவ்வளவு நேரம் ஊரைக் கேலி செய்தேனே, பிழைப்புக்கே நகல் எடுக்கிறவன், கையில் இருந்தது நகல் என்று எனக்கும் தெரியவில்லை.

தங்கை லென்ஸைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தாள். "எல்லாத்துலயும் காது மேல பரு இருக்கா சார்?"

"இருக்கு."

நாடிக்காரர் குறுக்கே விழுந்தார். "ஒரே ராஜா, அதனால ஒரே மச்சம். இதுல என்ன அதிசயம்?"

"மச்சம் சரிங்க. கழுத்துல கீறல் இருக்கா சார்?"

தலைமையாசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "எல்லாத்துலயும் இருக்கு. ஒரே இடம், ஒரே நீளம்."

"முந்நூறு வருஷம் முப்பத்தொரு பேர்கிட்ட தனித்தனியா இருந்த காசு. அத்தனை பேரும் கீழ போட்டு, அத்தனையும் ஒரே இடத்துல, ஒரே அளவுல கீறிக்கிச்சா? சரி, நான் எல்லாத்தையும் கலந்துடறேன். உங்க குழாயை வெச்சுப் பாத்து, எந்தக் காசு யாரோடதுன்னு சொல்லிடுங்க. சொல்லிட்டா எங்க அக்கா இப்பவே ராணியை வாங்கிப்பா."

நாடிக்காரர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார். எடுத்தார். மறுபடி மாட்டினார். "இத்தனை பேர் கண்ணு பட்டதால எல்லாமே மயக்கத்துல இருக்கு" என்றார்.

பஸ் டிரைவர் பின்னறையிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து கவிழ்த்தார். உலகத்திலேயே ஒன்றே ஒன்றான ராஜாக்கள் இன்னும் அறுபது எழுபது பேர் தரையில் உருண்டார்கள். ராணிகளும் எண்ணிக்கையில் அவர்களுக்குச் சளைக்கவில்லை. வெள்ளைக் கோட்டு மாடிப்படியை நோக்கிப் பாய்ந்தது. படி முழுக்க டோக்கன் வாங்கினவர்கள் நின்றதால் மூன்றாவது படியிலேயே மாட்டிக்கொண்டது. அவர் சேர்த்த கூட்டம் அன்றைக்கு ஒருநாள் உபயோகப்பட்டது.

போலீஸ் வருகிறவரை தலைமையாசிரியர் காசுகளை விட்டு நகரவில்லை. லென்ஸைப் பிடித்தபடியே தங்கையிடம் கேட்டார். "அது சரிம்மா. இதுல அசல் எது?"

கீழே வேன் வந்து ஹாரன் அடித்தது. லாண்டரி அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மெஷின் விக்கறதா இல்லப்பா, நீ கிளம்பு" என்றார். சொல்லிவிட்டு, தேய்ந்த நகங்கள் தெரிய முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

எங்களில் பலருக்குப் பணம் திரும்பவில்லை. வாய்விட்டு அழக்கூட வெட்கம். ஒரே தெரு. காலையில் எழுந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறோம். யார் வீட்டில் என்ன சண்டை என்பதுவரை தெரியும். முப்பத்தொரு பேரில் இரண்டே பேர் காசை எடுத்து அருகருகே வைத்திருந்தால் அன்றைக்கே கடை மூடியிருக்கும். வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தை விட மனசில்லை. ஆகையால், உங்களுக்கு மட்டும்தான், யாரிடமும் காட்டாதீர்கள் என்று ஒருவன் காதைக் கடித்தால், பணத்தை எடுக்கும் முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அவர் காதைக் கடித்துவிட்டுத்தான் அவன் உங்களிடம் வந்திருப்பான்.