மெட்ராஸ் டாக்டர் சொன்ன ஆபரேஷனும் தேவகியிடம் சொல்ல முடியாத சங்கதியும்

ஐயம்பேட்டை
18-9-1977

மதிப்பிற்குரிய சகலை வீரபத்திரன் அவர்களுக்கு, பம்ப்செட் மெக்கானிக் கண்ணாயிரம் வணங்கி எழுதிக்கொண்டது. காமாட்சியம்மன் அருளால் உங்களுக்கும், லோகாம்பாள் அண்ணியாருக்கும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி தேவகிக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்கவும். வீட்டில் படித்தால் அண்ணி "யார் போட்டது?" என்று கேட்பார்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

சைக்கிளை மிதித்தால் பெரிய காஞ்சிபுரம், நேரில் வந்து பேசினால் என்ன என்று நினைப்பீர்கள். போன வெள்ளிக்கிழமை வந்தேனே! அண்ணி வாசற்படியை மறித்துக்கொண்டு, "இன்னா மூஞ்சிய வச்சிக்கினு வந்த? திருப்பருத்திக்குன்றத்துல அவ இன்னிக்கு ஒல வைக்கலியா?" என்று கேட்டார்கள். தெருவில் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நீங்கள் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று, போ போ என்று கையைக் காட்டினீர்கள். அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

சகலை, திருப்பருத்திக்குன்றத்தில் எனக்கு ஒருத்தியும் இல்லை. இருக்கவும் முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது உங்களுக்குத் தெரியும். அது வந்த பிறகு ஆண்பிள்ளை சமாசாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு வருஷமாக அடியோடு நின்றுவிட்டது. ஆசைக்குக் குறைவில்லை. கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை. தேவகியிடம் சொல்ல வெட்கம். அதனால் ஊரில் மோட்டார் திருட்டு அதிகமாகிவிட்டது, காவல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு யார் யார் கிணற்றுக் கொட்டகையிலோ போய்ப் படுத்துக்கொண்டேன். "ஊரான் மோட்டாருக்கு நீ இன்னாத்துக்குக் காவலு?" என்று கேட்டாள். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பிறகு காஞ்சிபுரத்து லாட்ஜில் மாசம் ஒரு தடவை வந்து தங்குகிற வைத்தியரிடம் ஒரு டப்பா லேகியம் வாங்கித் தின்றேன். டப்பா தீருகிற வரைக்கும் வயிற்றால் போயிற்று. அப்போது தேவகியிடம் "வயிறு சரியில்லை" என்றேன் பாருங்கள், இந்த இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கடைசியில் வாலாஜாபாத் வாடிக்கையாளர் ஒருவர் மூலமாக, அமெரிக்காவில் படித்துவிட்டு மெட்ராஸில் இருக்கிற வரதராஜன் என்கிற டாக்டரைப் பற்றித் தெரிந்தது. எங்கள் ஊரில் பஸ் ஏறினால் 'எங்கே, எதற்கு' என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஆகவே நேர் எதிர்த்திசையில் திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் சைக்கிளில் போய், தெரிந்தவர் வீட்டு வாசலில் அதை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்துக்கு நடந்து வந்து மெட்ராஸ் பஸ் பிடித்தேன். அந்தப் பாழாய்ப்போன பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஊர் தாண்டும் வரைக்கும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பல்வலிக்காரன் மாதிரி முனகினேன். இப்படி மூன்று நான்கு தடவை. இதற்குள் பக்கத்து வீட்டு அம்சா, கோயிலுக்குப் போன இடத்தில் என் சைக்கிள் நாளெல்லாம் ஒரு வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து தேவகியிடம் சொல்லிவிட்டாள்.

"அங்க யாரு இருக்கறா?" என்று தேவகி கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ஐம்பத்தோரு வயதில் இவனுக்கு இன்னொருத்தி கேட்கிறது என்று ஊர் பேசினால் பேசட்டும், நிஜத்தைப் பேசுவதற்கு இது மேல் என்று தோன்றியது. இப்போது டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். ஆனால் தேவகி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் சோறு குழைகிறது, குழம்பு தீய்கிறது, பேச ஆளில்லை.

இனி ஆபரேஷன் விஷயம். டாக்டர் தங்கமான மனுஷர். ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு விதம் இருக்கிறதாம். ஒன்று, ரப்பர் மாதிரி ஒரு சாமானில் இரண்டு குச்சி செய்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவது. இன்னொன்று அமெரிக்காவில் புதிதாக வந்திருப்பது. அடிவயிற்றில் தண்ணீர்ப் பை, கீழே விதைப்பையில் ஒரு சின்ன பம்ப், அமுக்கினால் தண்ணீர் ஏறும், வேலை முடிந்தால் இறக்கிவிடலாம். சகலை, பம்ப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆயுசு முழுக்க பம்ப் பிரித்தவன் நான்.

"வாஷர் போனா?" என்று கேட்டேன்.

"லீக் ஆகலாம்ங்க. மறுபடியும் திறந்துதான் பார்க்கணும்" என்றார்.

"ஸ்பேர் பார்ட்டு?"

"அமெரிக்காவுலேர்ந்து வரணும். அதனாலதான் உங்களுக்கு அதை நான் சொல்லல."

சரி, குச்சி என்றால் அது எப்போதும் ஒரே நிலையில்தான் நிற்குமாமே, வேட்டி கட்டுகிறவன் கருட சேவைக் கூட்டத்தில் எப்படி நிற்பது, கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டேன். டாக்டர் சிரிக்காமல், இறுக்கமான உள்ளாடை போட்டு மடக்கி வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கண்ணாயிரம், இதை நல்லா கேட்டுக்குங்க. சர்க்கரை உள்ளவங்களுக்குப் புண் ஆறுறது கஷ்டம். உள்ளே சீழ் பிடிச்சா வெச்சதை எடுத்துடணும். எடுத்தப்புறம் பழையபடி தானா வர்றதுங்கறது நடக்காது, இருக்கிற கொஞ்சநஞ்சமும் போயிடும். வலி இருக்கும். ஒரு சுற்று குட்டையாகவும் தெரியலாம். முதல்ல சர்க்கரையை இறக்குங்க, பீடியை விடுங்க. அதுக்கப்புறமும் வேணும்னா வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்ட பேசாம நான் கத்தியைத் தொட மாட்டேன்."

இதைக் கேட்டதிலிருந்து ஒரு நாள் செய்துகொள்ளலாம் என்றும், மறுநாள் வேண்டாம் என்றும் புரண்டுகொண்டிருக்கிறேன். சீழ் பிடித்தால் என்ன செய்வது? ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், எதனால் செத்தான் என்று கேட்கிறவர்களுக்குத் தேவகி என்ன பதில் சொல்வாள்? இன்னொரு பக்கம் பார்த்தால், இப்படியே இருந்தால் அவள் உங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். கடைசியில் துணிந்துவிட்டேன். குச்சிதான். வருகிற 26-ஆம் தேதி திங்கட்கிழமை மெட்ராஸ் போகிறேன்.

ஆகவே நீங்கள் எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். தேவகியிடம் எனக்குக் குடலிறக்கம் என்று சொல்லி, கையெழுத்துப் போட மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டு வரவும். டாக்டர் அவளிடம் நிஜத்தைப் பேசாமல் எப்படித் தடுப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை. அதையும் நீங்களே யோசித்துவிட்டால் நல்லது. அண்ணிக்கு மூச்சுவிட வேண்டாம். உங்களுக்கும் இந்த வயதில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று நான் கேட்கமாட்டேன். இருந்தால் டாக்டர் விலாசம் தருகிறேன்.

உங்கள் தறியும் கடையும் ஓயாமல் ஓடவும், அண்ணியின் கோபம் சீக்கிரம் ஆறவும் வரதராஜப் பெருமாளையும் ஏகாம்பரநாதரையும் ஒன்றாகவே வேண்டிக்கொள்ளும்,
தங்கள் அன்புச் சகலை,
மு. கண்ணாயிரம்

பி.கு.: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தேவகி வந்துவிட்டாள். என்னைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, அண்ணியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். "லெட்டரா எழுதிக்கினு கீற அவளுக்கு?" என்று பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தால்தான் படிப்பு வரும். நான் ஓடிப்போய் அம்சா வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். என் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே நின்று கேட்டேன். லேகியம் வந்த இடத்தில் சிரித்தாள். குழம்பு தீய்ந்த இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முடித்ததும் பாதி அழுகையும் பாதி ஆத்திரமுமாக, "இதுக்கா ரெண்டு வருசமா கெணத்தாண்ட போயி கொசுக்கடில படுத்துக்கினு இருந்த?" என்றாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "வேணாம்னு நான் சொல்லல. எனக்கு இன்னா வயசு ஆயிடுச்சி?" என்றாள் சகலை! "மொதல்ல சக்கரைய எறக்கு, பீடிய தூக்கிப் போடு. அப்பறம் ரெண்டு பேருமா போலாம். சீழு வச்சா இன்னா, குச்சி ஒடிஞ்சா இன்னான்னு நான் கேக்கறேன் அந்த டாக்டர. நீ கம்முனு குந்து." திங்கட்கிழமைப் பயணம் ரத்து.

திருப்பருத்திக்குன்றத்தில் யாரும் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னா, பின்ன எதுக்குப் போனான்னு தோண்டுவாளுங்க. அப்படி ஒருத்தி இருந்துட்டுப் போவட்டும். நான் வந்து ரெண்டு போடு போட்டேன், உட்டுட்டான்னு சொல்லிக்கறேன்" என்கிறாள். கடிதத்தை உங்களுக்கு மட்டும் தபாலில் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். படித்ததும் கிழித்து அடுப்பில் போடவும். அண்ணியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை நான் வரும்போது அவர்கள் என்னைத் திட்டினால் தடுக்கவும் வேண்டாம். தெருவில் நாலு பேர் இருக்கும்போது திட்டினால் உத்தமம்.