இடது பின்பக்கத்து வெள்ளிப் பட்டை

மனிதகுல வரலாற்றை அறிஞர்கள் கற்காலம், இரும்புக்காலம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்களிடம் பழைய கார் இருந்திருக்காது. உண்மையில் காலங்கள் இரண்டே. காரின் ஓரத்தில் ஓடும் குரோமியப் பட்டையைப் பார்த்து "இது அசலா, நகலா?" என்று கேட்கத் தெரியாமல் மனிதன் இருட்டில் தடுமாறிய காலம் ஒன்று. கேட்கத் தெரிந்த காலம் இன்னொன்று. இந்த இரண்டாவது காலம், பழங்கார் பாதுகாப்புக் கழகத்தின் முதல் கூட்டத்தில் காலை பத்தேகால் மணிக்குப் பிறந்தது. பத்து மணிக்கே பிறந்திருக்க வேண்டியது. நாற்காலிகள் வந்து சேரவில்லை.

அந்தக் கழகத்தின் நாற்பத்தோராவது உறுப்பினர் மாப்பிள்ளை. வயது அறுபத்தேழு. தலையில் முடி இல்லை, முழங்காலில் மசகு இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். அவரிடம் இருந்த பழைய கார், காலமான மாமனாருடையது. கார் இருக்கிறவரை அவர் மாப்பிள்ளைதான்.

அசலைப் பற்றிப் பேச அவருக்கு இருந்த தகுதி வேறு யாருக்கும் கிடையாது. அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, மக்கள் நீட்டிய நகல்களின் மேல் "அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு அசலைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க ஆரம்பித்தால் வரிசை நகராது. பொதுநலன் கருதி அவர் பார்க்காமலே இருந்தார்.

ஓய்வு பெற்ற மறுவாரமே மாமனாரின் காரைப் புதுப்பிக்கத் தொடங்கினார். இன்ஜின் இரண்டாவது வருடமே தயாராகி, சொன்ன பேச்சைக் கேட்டது. மிச்ச ஏழு வருடமும் அலங்காரத்துக்குப் போயிற்று: கதவுக் கைப்பிடி, விளக்கைச் சுற்றிய வளையம், கண்ணாடி ஓரத்து ரப்பர். ஒவ்வொன்றிலும் அசல் கிடைக்கும் வரை காத்திருந்தார். கார் கொட்டகையில் காத்திருந்தது. மனைவி சமையலறையில் காத்திருந்தாள். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. இடது பின்பக்கத்து மட்கார்டின் மேல் ஓடும் முழ நீள வெள்ளிப் பட்டை.

அது காணாமல் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். மனைவியின் அக்கா பத்தொன்பது வயதில் இதே காரில் ஓட்டப் பழகினாள். முன்னால் போவதில் அவளுக்குக் குறையே இல்லை. பின்னால் வந்தபோது வாசல் கேட்டின் தூண் குறுக்கே நின்றது. மட்கார்டில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு விழுந்தது. பட்டை தெறித்துச் சாக்கடைக்குள் போயிற்று. மாமனார் திட்டவில்லை, ஒடுக்கை எடுக்கவும் விடவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். எம் பொண்ணு போட்ட கையெழுத்து" என்றுவிட்டார். அந்தக் கையெழுத்தோடுதான் கார் பல வருடம் ஓடியது.

கழகத்து விதிப்படி, தொழிற்சாலையில் போடாத ஒடுக்கு அசல் அல்ல. ஐந்தாவது வருடம் டிங்கர்காரரை வரவழைத்து மாப்பிள்ளை அதை எடுக்க வைத்தார். கன்னம் போல வழவழப்பாக வந்தது. மனைவி வந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. வேலைப்பாட்டைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டாள் என்று மாப்பிள்ளை டைரியில் குறித்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் அக்கா வருகிறாள் என்று தகவல் வந்தது. கடல் தாண்டிப் போய்ப் பத்தொன்பது வருடமாக வராதவள், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி ரயிலில் வந்து இறங்குகிறாள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்து நின்றாள்.

"ஒம்போது வருஷமா அப்பா காரைத் தொடைக்கிறீங்க. ஞாயித்துக்கிழமை அதுலதான் அக்காவைக் கூட்டிட்டு வர்றோம். நான்தான் ஓட்டுவேன்."

"அன்னிக்குக் காலையில கண்காட்சி இருக்கே. 'முழு அசல்' முத்திரை..."

"முத்திரையை வாங்குங்க, பூமாலையை வாங்குங்க. நாலு மணிக்கு ஸ்டேஷன்ல கார் நிக்கணும். நிக்கலன்னா திங்கக்கிழமை காயலான்கடைக்காரருக்குப் போன் போட்டுடுவேன். கார் யார் பேர்ல இருக்குன்னு ஞாபகம் இருக்கட்டும்."

கார் யார் பெயரில் இருக்கிறது என்பது மாப்பிள்ளைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பத்திரத்தின் நகலில் முத்திரை குத்தியதே அவர்தான்.

பட்டைகள் இரண்டு அவர் கைவசம் இருந்தன. ஒன்று கப்பலில் வந்த நகல். ஏழு கிளிப்பிலும் டக் டக்கென்று உட்கார்ந்து, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னியது. மற்றது காயலான்கடையில் நாலு மாதம் தோண்டி எடுத்த அசல். வாழைப்பழம் போல வளைந்து, அம்மை வார்த்த முகம் போலக் குழி விழுந்து, ஏழு கிளிப்பில் மூன்றில் மட்டும் மனமில்லாமல் தொங்கியது.

சாதாரண மனிதன் முதலாவதை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். அப்படிப்பட்டவர்களைத் திருத்தவே கழகம் எண்பத்து நான்கு பக்கத்தில் "அசலும் நகலும்: ஓர் ஒப்பீட்டு வழிகாட்டி" வெளியிட்டிருந்தது. அதன் சாரம் எளிமையானது. அசல் மின்னாது, மின்னினால் சந்தேகப்படு. அசல் பொருந்தாது, பொருந்தினால் கழற்று. மாப்பிள்ளை அசலைத் துணியில் சுற்றிச் சமையலறை மேடையில் பத்திரமாக வைத்தார். கொட்டகையில் எலி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி துணியைப் பிரித்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கணவருக்கு ஒத்தாசை செய்வோம் என்று அவளுக்குத் தோன்றிற்று. பாத்திரம் தேய்க்கும் பொடியைப் போட்டு மூன்று மணி நேரம் தேய்த்தாள். வளைவை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது பட்டை மேடையில் மின்னிக்கொண்டிருந்தது. குழிகள்கூட மின்னின.

"பாருங்க, புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளை ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். கொட்டகைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தார். ஏழு கிளிப்பிலும் உட்கார்ந்தது. இனி உலகத்தில் எந்த நடுவரும் அதை அசல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

அன்று மாலையே வழிகாட்டியை வரி விடாமல் படித்தார். அசலை நகல் போல ஆக்குவது மன்னிக்க முடியாத குற்றம் என்று முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. நகலை அசல் போல ஆக்குவது பற்றி எந்தப் பக்கத்திலும் எதுவும் இல்லை. தடை இல்லாதது அனுமதி என்பது அலுவலகத்தில் அவர் கற்ற பாடம். கப்பலில் வந்த நகலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை முலாம்காரரின் பட்டறைக்குப் போனார்.

முலாம்காரர் எதுவும் விசாரிக்கவில்லை. பட்டையைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வயசு வேணும் சார்?" என்றார்.

"அம்பது."

"வெயில்ல நின்ன அம்பதா, கொட்டகையில நின்ன அம்பதா?"

மாப்பிள்ளைக்குச் சிலிர்த்துவிட்டது. இப்படி நுணுக்கம் தெரிந்தவர்களால்தான் பாரம்பரியம் நிலைக்கிறது. கொட்டகை அம்பது என்றார். முலாம்காரர் அமிலத் தொட்டியைக் காட்டி, உப்புத் தொட்டியைக் காட்டி, பின்புறம் குளியலறைத் தண்ணீர் போகும் பள்ளத்தையும் காட்டி, இந்த மூன்றிலும் ஒருநாள் கிடந்தால் சொந்தத் தொழிற்சாலைக்கே அடையாளம் தெரியாது என்று உறுதி சொன்னார். கழகத்தில் பாதிப் பேருக்கு இதே பள்ளத்தில்தான் வயதாகிறது என்பதையும் பெருமையாகத் தெரிவித்தார்.

ஞாயிறு காலை மைதானத்தில் பதினெட்டு கார்கள் நின்றன. பதினேழு லாரியில் வந்தவை. மாமனார் கார் ஒன்றுதான் தானே உருண்டு வந்தது. அதை அந்தஸ்துக் குறைவாகப் பலர் பார்த்தார்கள்.

நடுவர், கழகத் தலைவரான பல் டாக்டர். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் பொய்ப்பல் கட்டிய அந்தக் கைகள், போலி உதிரிபாகம் பட்டால் கூசிப்போகும். வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியையும் கொக்கி ஊசியையும் எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். கைப்பிடியைத் தட்டினார். ரப்பரை முகர்ந்தார். இடது பின்பக்கம் வந்ததும் குனிந்து, பட்டையின் குழியில் ஊசியை விட்டுச் சுரண்டி, துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். முலாம்காரரின் குளியலறைப் பள்ளம் மாப்பிள்ளையின் கண்முன் வந்து போயிற்று.

"ஆகா" என்றார் டாக்டர். "இதுதான் காலத்தோட ருசி."

மாப்பிள்ளைக்கு மாலை விழுந்தது. செயலாளர் அரக்கு வைத்த "முழு அசல்" முத்திரைத் தாளை எடுத்து வந்து ஓட்டுநர் கதவின் குறுக்கே ஒட்டினார். ஒட்டிவிட்டு விதி பதினான்கை வாசித்தார். முழு அசல் என்று அறிவிக்கப்பட்ட வாகனத்தின் ஒவ்வொரு பாகமும் தேய்மானத்திலிருந்து காக்கப்பட வேண்டியது. ஆகவே அந்த வாகனம் இனி எக்காலத்திலும் ஓட்டப்படக் கூடாது.

மணி மூன்று பத்து.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கோபித்திருந்தால் மாப்பிள்ளை சமாளித்திருப்பார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு பேசாமல் நின்றாள். ஐந்தாவது வருடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாளே, அதே மௌனம். டைரியில் தப்பாகக் குறித்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலையைக் கழற்றினார். "டாக்டர், அந்தப் பட்டை நகல்" என்றார். "போன வெள்ளிக்கிழமை வரைக்கும் பளபளன்னு இருந்துச்சு. நான்தான் வயசாக்கினேன். முத்திரையை எடுத்துடுங்க."

முத்திரை குத்தியே வாழ்ந்த மனிதன், முத்திரையை எடுக்கச் சொன்ன முதல் சந்தர்ப்பம் அது. டாக்டர் அன்போடு அவர் தோளைத் தட்டினார். சந்தோஷத்தில் சிலருக்கு இப்படிப் புத்தி பேதலிக்கும் என்றார். மனைவி கைப்பையிலிருந்து தேய்த்த பட்டையை எடுத்து, இதுதான் காயலான்கடை அசல் என்று நீட்டினாள். டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பளபளக்குதேம்மா. அசல் பளபளக்காது."

"அப்படியா டாக்டர்? உங்க பல்லு நல்லாப் பளபளக்குதே" என்றாள் மனைவி.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். செயலாளர் குறுக்கே புகுந்து, கழகத்தின் முடிவு உரிமையாளரின் உண்மையால் பாதிக்கப்படாது என்று விளக்கினார். முத்திரையை ரத்து செய்ய ஒரே வழி வாகனத்துக்குச் சேதம் ஏற்படுவதுதான். அதுவும் நடுவர் முன்னிலையில்.

அரக்கு ஒட்டியிருந்தது ஓட்டுநர் கதவில் மட்டும். மனைவி சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, நீளச் சீட்டில் நகர்ந்து, ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்தாள். சாவி அவளிடம்தான் எப்போதும். இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. பதினெட்டு கார்கள் நின்ற மைதானத்தில் இன்ஜின் சத்தம் கேட்டு, உறுப்பினர்கள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார்கள்.

முன்னால் கூட்டம். பின்னால் எடுத்தால்தான் வழி. "என்னங்க, பின்னாடி பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

மாப்பிள்ளை பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். "வா... வா... நேரா வா..." கார் வந்தது. இடது பக்கம் பரிசுப் பந்தலின் இரும்புத் தூண் நின்றது. தூணுக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு கை இடைவெளி. ஒன்பது வருடம். ஒரு சாண். ஹோல்டான் என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அதை விழுங்கினார்.

"வா" என்றார். "வா... வா..."

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மட்கார்டில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு விழுந்தது. பட்டை தெறித்துப் போய்ப் பந்தலுக்கு அடியில் விழுந்தது. அதை எடுக்க ஓடியவர் டாக்டர்தான். செயலாளர் அங்கேயே பதிவேட்டைத் திறந்து, முத்திரை ரத்து என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் "வாகனம் ஓடியது" என்று தெளிவாகப் பதிந்தார்.

ரயில் பத்து நிமிடம் தாமதம். அவர்கள் எட்டு நிமிடம்தான் தாமதம். அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, தங்கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு காரைச் சுற்றி நடந்தாள். மூக்குக்கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கைப்பிடியைத் தடவினாள், முகம் மாறவில்லை. விளக்கு வளையத்தைத் தடவினாள், மாறவில்லை. இடது பின்பக்கம் வந்ததும் நின்றாள். ஒடுக்குக்குள் உள்ளங்கையை வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்திய பிறகு முதல் தடவையாக, அசலைக் கண்ணால் பார்த்த ஒருவர் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்தார். அது நாற்பது நிமிட வயதுள்ள நகல் என்று சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவர் கையைக் கிள்ளினாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எல்லாத்தையும் மாத்தி, இது எங்கப்பா காருன்னே தெரியாம பண்ணி வெச்சிருக்கீங்க, மாப்பிள்ளை" என்றாள். "நல்லவேளை, இதையாவது கை வைக்காம விட்டீங்க."