ரசத்துக்குப் பக்கத்தில் அப்பளம்

ரசம் ஆன்லைனுக்கு வந்த அடுத்த நிமிடம் அப்பளமும் வந்துவிட்டது.

இளங்கோ மனைவி ரேகாவின் பின்னால் நின்று பார்த்தான். கம்ப்யூட்டர் திரையில் மீன்பிடி கேம்; ஒரு ஏரி, ஒரு படகு. படகில் ரேகாவின் ஆள் மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ‘ரசம்’ என்று பெயர். ‘அப்பளம்’ என்ற இன்னோர் ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

“யாரு இவன்?”

“தெர்ல. டெய்லி வருவாரு. உக்காருவாரு. பூடுவாரு.”

“இன்னா பேசுவான்?”

“பேசினதே இல்ல.”

பேசியிருந்தால்கூட இளங்கோ தாங்கியிருப்பான்.

“நீ ரசம், அவன் அப்பளம். நல்ல பொருத்தம்.”

“பழைய கம்ப்யூட்டர் வாங்கசொல்ல, கேமைத் தனியா விக்க முடியாது, அக்கவுண்டோட எடுத்துக்கோன்னு கடைக்காரர் குடுத்தாரு. பேரும் அதோட வந்துச்சு.”

“மாத்த வேண்டியதுதானே?”

“நல்லாத்தானே கீது.”

இளங்கோ வைத்த ரசத்தை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் இணைய வயரைப் பிடுங்கிப் போட்டான். அப்பளம் எப்படி வருவான் பார்க்கலாம். ஆனால் கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் திறக்கவே மறுத்தது. தனியாக மீன் பிடிக்கவும் அதற்கு இணையம் வேண்டுமாம்.

“எங்கூட்டு கம்ப்யூட்டர்ல நான் மீன் புடிக்க இவனுங்க பர்மிஷன் இன்னாத்துக்கு?” என்ற ரேகா, வயரை மாட்டினாள். அப்பளம் வந்தான்.

அவள் அம்பத்தூருக்கு வேலைக்குப் போன நேரத்தில் அப்பளத்தை நண்பர் பட்டியலிலிருந்து நீக்கப் போனான். போனுக்கு வந்த ரகசிய எண்ணை, அதாவது ‘கோடு’, போடு என்றது லாஞ்சர். கூப்பிட்டுக் கேட்டால், கோடு ரேகாவின் போனுக்கும் வரவில்லையாம். வாய்க்கு வந்த எண்களை அடித்தான். அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது.

“நான் வாங்கின கேம் எல்லாம் அதுலதான் கீது. இன்னாய்யா பண்ணி வெச்ச?” என்றாள் ரேகா மாலையில். அதன்பின் சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசியது.

உதவிப் பக்கத்தைப் படித்தான். பட்டியலில் உள்ள நண்பர் ஒருவர் உறுதி சொன்னால் பூட்டைத் திறப்பார்களாம்.

“உனக்கு அதுல எத்தினி ஃப்ரெண்டு?”

“ஒருத்தர்தான்.”

யார் என்று அவன் கேட்கவில்லை.

அப்பளத்தைத் தொடர்புகொள்ளவே இளங்கோ தனக்கு ஓர் அக்கவுண்ட் தொடங்க வேண்டியிருந்தது. பெயர் கேட்டது. வேறெதுவும் தோன்றாமல் ‘சாம்பார்’ என்று வைத்தான். ‘அண்ணா, ஒரு உதவி. ரசம் அக்கவுண்ட் பூட்டிக்கிச்சு’ என்று எழுதினான்.

பதில் உடனே வந்தது. ‘கோடு என் கையில இருக்கிற போனுக்குத்தான் வந்துச்சு. பக்கத்துல நெமிலிச்சேரிதான் நான். அட்ரஸ் அனுப்புங்க.’

இளங்கோ அட்ரஸை அனுப்பினான். ரேகாவின் கோடு அவன் கையிலா?

கோவில்பதாகையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மறுநாள் வந்தவன் ஒல்லியாக இருந்தான். பெயர் அருள் என்றான். இளங்கோ வாசலை அடைத்து நின்றான்.

“என் பொண்டாட்டி கோடு உன் போனுக்கு ஏன்யா வருது? டெய்லி அவ பக்கத்துல உனக்கு இன்னா வேலை?”

அருள் விரிசல் விட்ட ஒரு போனை நீட்டினான்.

“உங்க ஒய்ஃப் யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணா, ரசம் என் பொண்டாட்டி, இது அவ போன், அவ செத்துப்போனப்புறம் அவ கம்ப்யூட்டரை வித்துட்டேன், கேம்ல அவ பேரு பச்சையா எரியசொல்ல மட்டும் வந்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன்.”