இந்தக் கார் பச்சை

"இந்த ஸ்டிக்கருக்காகப் பத்தாயிரம் பாட் குறைச்சிருக்கேன் சார்."

சனோங் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எட்டு மாதம் முன்பு இதே ஷோரூமில், இதே விற்பனையாளர் அதிசோனிடம் வாங்கிய வெள்ளைக் காரைத் திருப்பி விற்க வந்திருந்தார். அதற்குள் விலையில் மூன்றிலொரு பங்கு போய்விட்டதாம். அதற்கு மேல் இது வேறு.

"ஷோரூம் கேட்டைத் தாண்டினதுமே புதுக் காருக்கு மதிப்பு இறங்கிடும் சார்."

"இப்போ திரும்பக் கேட்டுக்குள்ள வந்துட்டேனே, ஏத்து!"

கார்க் கதவில் 'இந்தக் கார் பச்சை' என்று ஒட்டியிருந்தது. தாய்லாந்து நம்பிக்கைப்படி, புதன்கிழமை பிறந்தவருக்குப் பச்சைதான் ராசி. கார் வெள்ளையானால் என்ன, எழுதி ஒட்டிவிட்டால் கிரகங்கள் நம்பிக்கொள்ளும்.

"இதை ஒட்டினதே நீதானடா! டெலிவரி அன்னைக்குப் பிறந்த கிழமை கேட்டு, பரிசுன்னு சொல்லி!"

"பரிசு என் அன்பு சார். கழிவு கம்பெனி ரூல்."

நல்ல விலை வந்தால்தான் காரைக் கொடுத்துப் பிக்கப் வண்டி எடுக்க முடியும். பிக்கப் இருந்தால்தான் மனைவி வாருணி சனிக்கிழமை கோயில் திருவிழாவில் பப்பாளி சாலட் கடை போட முடியும். கடைக்கு இடம் பிடித்தாகிவிட்டது.

சனோங் வீட்டுக்குப் போய், முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தார். கூடவே பெயிண்டும் உரிந்து வந்தது. எழுத்துகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

மறுபடி ஷோரூம். அதிசோன் குனிந்து படித்தான். "முன்னாடி ஒட்டியிருந்தது. இப்போ செதுக்கியிருக்கு. கம்பெனி பெயிண்டையே கெடுத்துட்டீங்களே சார். முப்பதாயிரம்."

"இருந்தாலும் கழிவு, எடுத்தாலும் கழிவா? உள்ள உட்கார்ந்து மூச்சு விட்டதுக்கு எவ்வளவு?"

"வாசனையைப் பார்த்துச் சொல்றேன் சார்."

சனோங் வெள்ளை ஸ்பிரே வாங்கி அடித்தார். கார் பால் வெள்ளை, ஸ்பிரே தயிர் வெள்ளை. அது கதவில் வழிந்து இறங்கியது.

வாருணி சுற்றி வந்து பார்த்தாள். "எழுத்தாவது பார்க்க லட்சணமா இருந்துச்சு. இப்போ காக்கா எச்சம். சனிக்கிழமை நான் சாலட் இடிக்கிற உரலைத் தலையில சுமக்கத் தயாரா இருங்க."

கடைசியில் நெடுஞ்சாலையோரம் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கும் தவீயிடம் போனார். தவீ கதவை நகத்தால் சுரண்டினான். பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டியைத் தடவிப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னய்யா சிரிப்பு? கம்பெனி பெயிண்டைக் கெடுத்துட்டேன்னு அந்த அதிசோன் என்னை உரிக்கிறான்!"

"கம்பெனி பெயிண்டா? நசுங்கிப் போன இந்தக் கதவை, 'நாளைக்குப் புதுக் கார் டெலிவரி, சீக்கிரம் அடி'ன்னு அதே அதிசோன்தானேண்ணே என்கிட்ட கொண்டாந்து விட்டான்!"